பதிவேட்டில் ‘புகார் எதுவும் இல்லை’ என்றால் என்ன பொருள்?

பள்ளியில் ஒரு பிள்ளையை மற்ற பிள்ளைகள் படுத்திய பாடு செய்தியாக வெளிவரும்போது, கூடவே இரண்டு பேச்சுகளும் வரும். “நாங்கள் முன்னாடியே சொன்னோம்” என்பார்கள் பெற்றோர். “எங்களுக்குப் புகாரே வரவில்லை” என்பார்கள் பள்ளித் தரப்பில். படிக்கிறவர்களுக்கு யாரை நம்புவது என்று குழப்பம். பெரும்பாலும் இரண்டு பேச்சுமே உண்மையாக இருக்கும். அம்மா பள்ளி வாசலில் வைத்து வகுப்பாசிரியரிடம் சொல்லியிருப்பார். ஆசிரியரும் “நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லியிருப்பார். ஆனால் எழுத்தில் ஒரு வரிகூட இருக்காது. எழுத்தில் இல்லாததால் தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்காது, கல்வி அலுவலகத்துக்கும் தெரிந்திருக்காது.

சேலம் நகரத்துப் பள்ளிகளையும் சேர்வராயன் மலையின் விடுதிகளையும் மனதில் வைத்து, எதை எழுத வேண்டும், எப்படி எழுத வேண்டும், எழுதியது எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், அதற்குப் பெயர் என்ன?

இதற்கு நம்மூரில் நிலையான சொல் கிடையாது. கிண்டல், கலாய்ப்பு, வம்பிழுப்பது, ஓட்டுவது என்று சொல்கிறோம். இவை எல்லாமே விஷயத்தை லேசாக்கும் சொற்கள். ‘சீண்டல்’ என்றால் பாலியல் சீண்டல் என்றுதான் செய்தித்தாள் படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ‘ராகிங்’ என்றதும் கல்லூரிதான் ஞாபகத்துக்கு வரும். 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவர் கொலையான பிறகு, 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதன் வரையறையில் கேலி செய்வதும் அடங்கும். அதற்கு 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் ‘பகடிவதை’ என்கிறார்கள். விளையாட்டுப் போல இருக்கும் வதை என்பதைச் சரியாகச் சொல்வதால் இந்தக் கட்டுரையிலும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

பெயர் விஷயத்தில் இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆசிரியர் நோட்டில் ‘கிண்டல்’ என்று எழுதிவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பகடிவதையை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ். 1970-களில் தொடங்கிய அவருடைய ஆய்வுகளிலிருந்து மூன்று அடையாளங்கள் வந்தன:

1. வேண்டுமென்றே செய்வது.
2. திரும்பத் திரும்பச் செய்வது.
3. இரு தரப்புக்கும் பலம் சமமாக இல்லாமல் இருப்பது. உடல் பலமாக இருக்கலாம், ஆள் பலம், வயது, சாதி, பணம் என்று எதுவாகவும் இருக்கலாம்.

சம பலமுள்ள இரண்டு பையன்கள் கிரிக்கெட் மட்டைக்காகக் கட்டிப் புரண்டால் அது சண்டை. அதையும் கண்டிக்கத்தான் வேண்டும், ஆனால் அது வேறு வகை. பகடிவதையைக் காட்டிக்கொடுப்பது இரண்டாவது அடையாளம். ஒரு நாளை மட்டும் பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியாது. தேதி போட்டு எழுதிவைத்தால்தான் தெரியும்.

ஐந்து பேருக்கு ஆளுக்கு ஒன்று தெரியும்

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். சேலத்தில் ஒரு பள்ளி, ஏழாம் வகுப்புப் பையன். அப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. ஒருநாள் பையனைக் கூட்டிப்போக வேலையிலிருந்து நேராக வந்தவர், கருத்துப்போயிருந்த கையோடு வாசலில் நின்றார். மறுநாளிலிருந்து பையனுக்கு ‘கரிக்கை’ என்று பெயர் விழுந்தது.

ஜூலை 3: மூன்று பேர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதை வகுப்பாசிரியர் கேட்டார், அதட்டினார்.

ஜூலை 11: பையனின் பைக்குள் மை கொட்டியிருந்தது. அறிவியல் ஆசிரியர் பார்த்து, “பேனாவை ஒழுங்கா மூடி வைக்க மாட்டியா?” என்று அவனையே திட்டினார்.

ஜூலை 18: மதியம் சாப்பாட்டு வரிசையில் யாரோ அவன் தட்டைத் தட்டிவிட்டார்கள். சத்துணவு அமைப்பாளர் வேறு தட்டில் சோறு போட்டு, “சாப்பிடு கண்ணு” என்று அனுப்பினார்.

ஜூலை 24: வயிற்றுவலி என்று விடுப்பு. அன்று வருகை எடுத்த வேறோர் ஆசிரியர் பதிவேட்டில் குறித்ததோடு சரி.

ஜூலை 30: விளையாட்டுப் பீரியடில் அவன் கால்சட்டை நனைந்திருந்தது. கழிப்பறைப் பக்கம் போகவே பயந்து அடக்கி வைத்திருந்திருக்கிறான். உடற்கல்வி ஆசிரியர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

ஐந்து பேரும் கெட்டவர்கள் இல்லை. இரண்டு பேர் அன்பாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒன்றுதான் தெரியும். ஐந்தும் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பையன். அவனோ வாய் திறக்க மாட்டான், திறந்தால் அப்பாவின் கையைப் பற்றிப் பேச வேண்டிவரும். ஐந்தையும் ஒரே இடத்தில் எழுதும் நோட்டு ஒன்று இருந்திருந்தால், ஜூலை 18 அன்றே யாராவது பக்கத்தைத் திருப்பிப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அதனால்தான் வகுப்பு வாரியாக, ஆசிரியர் வாரியாகத் தனித்தனிக் குறிப்பு வைப்பது போதாது. பள்ளிக்கு ஒரே பதிவேடு வேண்டும். சத்துணவுப் பணியாளர், வேன் ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் சொல்வதும் அதில் ஏற வேண்டும். கழிப்பறைச் சுவரில் எழுதியிருப்பதை முதலில் படிப்பவர் அதைத் துடைக்க வருபவர்தான்.

எப்படி எழுதுவது

கோபத்தில் எழுதிய பதிவைவிட விவரமாக எழுதிய பதிவுதான் பிள்ளைக்கு உதவும். ஒரே நிகழ்ச்சியை இரண்டு விதமாக எழுதிப் பார்க்கலாம்.

முதல் விதம்: “7-ஆம் வகுப்பு மாணவனைச் சக மாணவர்கள் கிண்டல் செய்தனர். கண்டிக்கப்பட்டனர்.”

இரண்டாவது விதம்: “18-ஆம் தேதி, மதியம் 12.50, சாப்பாட்டு வரிசை. ‘கரிக்கை தொட்ட கரண்டி எனக்கு வேண்டாம்’ என்று ஒரு மாணவன் சொன்னான். இன்னொருவன் தட்டைத் தட்டிவிட்டான். சத்துணவு அமைப்பாளர் பார்த்தார். பாதிக்கப்பட்ட மாணவனிடம் 1.20-க்குத் தனியாகப் பேசினேன். இந்த மாதத்தில் மூன்றாவது முறை. இருவரின் பெற்றோரையும் 21-ஆம் தேதி அழைத்திருக்கிறேன். 28-ஆம் தேதி மறுபடி பார்க்க வேண்டும்.”

இரண்டாவதில் இருந்து சில விதிகளை எடுத்துக்கொள்ளலாம்:

1. சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும். ‘கெட்ட வார்த்தையில் திட்டினான்’ என்று எழுதினால் பின்னால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. அது வெறும் வசவா, சாதிப் பெயரா, உடலைப் பற்றியதா என்பதைப் பொறுத்துத்தான் எந்தச் சட்டம் என்பதே முடிவாகும்.
2. கண்டதும் கேட்டதும் வேறு, ஊகம் வேறு. ‘பொறாமையில் செய்தான்’ என்பது எழுதுபவரின் ஊகம். எழுதியே ஆக வேண்டும் என்றால் ஊகம் என்று குறித்து எழுத வேண்டும்.
3. அன்றே எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதினால் எழுதியவரின் கருத்துதான் மிஞ்சும்.
4. எதைக் காரணமாக வைத்துச் செய்தார்கள், எந்த வழியில் செய்தார்கள் என்று இரண்டையும் குறிக்க வேண்டும். வட அயர்லாந்தில் 2016-இல் இயற்றி 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பகடிவதைச் சட்டம், பள்ளிகள் இந்த இரண்டையும் பதிய வேண்டும் என்றே சொல்கிறது. காரணத்தைப் பதிந்தால்தான், ஒரு பள்ளியில் நடப்பதில் பாதி அப்பாவின் தொழிலைப் பற்றியது, பாதி நிறத்தைப் பற்றியது என்பதெல்லாம் வெளியே வரும்.
5. மறுபடி பார்க்கும் தேதி. நடைமுறையில் எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான்.

பிள்ளையிடம் கேட்கும் விதமும் முக்கியம். ஒருவர், ஒருமுறை, தனியாகக் கேட்டால் போதும். வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், தாளாளர் என்று ஒவ்வொருவரும் முதலிலிருந்து சொல்லச் சொன்னால், மூன்றாவது முறைக்குள் பிள்ளை “ஒண்ணுமில்ல சார், விளையாட்டுக்குத்தான்” என்று முடித்துக்கொள்ளும்.

எது பள்ளிக்குள், எது வெளியே?

எல்லாவற்றையும் போலீசுக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. சிலவற்றைப் பள்ளிக்குள் வைத்திருக்கவே கூடாது.

1. பட்டப்பெயர், ஒதுக்கிவைப்பது, பொருளை ஒளித்துவைப்பது: பள்ளியே கையாளலாம், பதிவோடு. மத்திய வாரியப் பள்ளிகளுக்கு 2015 மார்ச்சில் சி.பி.எஸ்.இ. அனுப்பிய சுற்றறிக்கை, ஒவ்வொரு பள்ளியிலும் பகடிவதைத் தடுப்புக் குழு வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2021-இல் வந்த வழிகாட்டுதலின்படி மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். உங்கள் பள்ளியில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

2. காயம், பணம் பறிப்பது, ஆயுதம் காட்டி மிரட்டுவது: பள்ளியோடு முடிப்பதில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்கும் போக வேண்டும்.

3. உடலைத் தொடுவது, ஆடையை அவிழ்ப்பது, அப்படிப்பட்ட படம் எடுப்பது: இங்கேதான் பள்ளிகள் அதிகம் தவறுகின்றன. “பசங்க விளையாட்டு” என்று சொல்லிப் பேசி முடிக்கிறார்கள். போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவுப்படி, பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோகூட எவரும் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். முதலில் பள்ளி விசாரித்து, உண்மைதானா என்று முடிவுசெய்து, அப்புறம் சொல்வது என்பது இதில் கிடையாது. சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர், தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை போகும். பாதிக்கப்பட்டது பையன் என்றாலும் இதே சட்டம்தான். இதை அறியாத பள்ளிகள் இன்னும் இருக்கின்றன என்பது வேதனை.

4. சாதியைச் சொல்லி இழிவு: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ என்றால் 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பேசும்.

5. செய்தவர் ஆசிரியர் அல்லது வார்டன்: கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 75-ஆம் பிரிவில் பிள்ளைக்குக் கொடுமை செய்வதற்குச் சிறைத் தண்டனை உண்டு.

எழுதிய பிறகுதான் ஆபத்து

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்தவர்கள். தொல்லை தாங்காமல் அந்த மாணவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். காரணம் கேட்கப்பட்டது, பள்ளியில் விஷயம் சொல்லப்பட்டது, அதைத் தொடர்ந்துதான் தாக்குதல். நிகழ்ச்சிக்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதன் பரிந்துரைகளில் ஒன்று, 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் தனியாகப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்பது.

புகார் சொன்ன முதல் சில நாட்கள்தான் ஒரு பிள்ளைக்கு மிக ஆபத்தான நாட்கள். எனவே பதிவேட்டோடு சேர்த்து இன்னொரு கேள்விக்கும் விடை வேண்டும்: இன்று சாயந்தரம் இந்தப் பிள்ளை எப்படி வீட்டுக்குப் போகும்? அஸ்தம்பட்டியிலோ கொண்டலாம்பட்டியிலோ பஸ் ஏறும் பிள்ளையென்றால், புகாரில் பெயர் வந்தவர்களும் அதே பஸ்ஸா என்று பார்க்க வேண்டும். வகுப்பில் நிற்க வைத்து “உன்னை யார் அடித்தது, காட்டு” என்று கேட்கவே கூடாது.

பதிவேடு பூட்டில் இருக்க வேண்டும். ஆசிரியர் ஓய்வறை மேசையில் கிடக்கும் நோட்டை மதியத்துக்குள் பத்துப் பேர் படித்துவிடுவார்கள். அரசுப் பள்ளிகளில் வைத்திருக்கும் ‘மாணவர் மனசு’ பெட்டிக்கும் இது பொருந்தும். பெட்டி எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் இருந்தால் சீட்டுப் போடும் பிள்ளையும் எல்லார் கண்ணிலும் படும். சாவி ஒரே ஆளிடம் இருந்தால், அந்த ஆளைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிள்ளைகள் பெயரையும் படத்தையும் போட்டு நியாயம் கேட்காதீர்கள். விசாரணையில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிட்டால், அது எந்தத் தரப்புப் பிள்ளையாக இருந்தாலும், இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் வரை அபராதமோ விழலாம்.

எழுதினால் அந்தப் பையன் வாழ்க்கை போய்விடாதா?

நல்ல மனதுள்ள ஆசிரியர்கள் எழுதத் தயங்குவதற்கு இதுதான் காரணம். தயக்கம் நியாயமானது, ஆனால் சட்டம் அவர்கள் நினைப்பதைவிட மென்மையாகவே இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர் மீது, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் குறைந்தபட்சத் தண்டனை உள்ள கொடுங்குற்றம், அல்லது பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றம் என்றால்தான் முதல் தகவல் அறிக்கை. மற்றபடி காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் குறித்து, சமூகப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். நிகழ்ச்சிப் பதிவேடு மாற்றுச் சான்றிதழில் ஏறுவதும் இல்லை.

“டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவோம்” என்பதும் தீர்வாகாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு முடியும்வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கத் தடை போடுகிறது. பல இடங்களில் டி.சி. வாங்கிப் போவது அடி வாங்கிய பிள்ளைதான் என்பது இதைவிடக் கொடுமை.

பிறரை வதைக்கும் பிள்ளைக்கும் பதிவு வேண்டும். அதே பையன் பெயர் நான்கு முறை வந்தால், அவன் வீட்டில் என்ன நடக்கிறது என்று யாராவது போய்ப் பார்க்கக் காரணம் கிடைக்கும்.

மலைமேல் விடுதிகளில்

ஏற்காட்டில் நூறாண்டு கடந்த உறைவிடப் பள்ளிகள் உண்டு. மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்காக அரசு நடத்தும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் உண்டு. கட்டணத்தில் மடுவுக்கும் மலைக்கும் உள்ள தூரம் இருந்தாலும், இந்த விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே சிக்கல்: பிள்ளை சாயந்தரம் வீட்டுக்குப் போவதில்லை. பகலில் படுத்தியவன் இரவில் பக்கத்துப் படுக்கையில் இருப்பான். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் அம்மாவைப் பார்க்க முடியும் என்ற நிலையில், அடுத்த நாள் என்பதே அந்தப் பிள்ளைக்குத் தூரம்.

விடுதிப் பதிவேட்டில் மூன்று விஷயம் கூடுதலாக வேண்டும். ஒன்று, நேரம். சாயந்தரப் படிப்பு முடிந்து விளக்கணைக்கும் வரையிலான பொழுதும் குளியல் நேரமும்தான் பெரியவர்கள் கண் படாத நேரங்கள். அன்று பணியில் யார் இருந்தார் என்று எழுத வேண்டும். இரண்டு, பெரிய மாணவர்களை ‘லீடர்’ ஆக்கிச் சின்னப் பிள்ளைகளை மேய்க்கவிடும் வழக்கம். அந்த ஏற்றத்தாழ்வு விடுதியே உண்டாக்கியது. லீடர் கொடுத்த தண்டனை ஒவ்வொன்றும் பதிவாக வேண்டும், ‘முட்டி போட வைத்தான்’ என்பதும்கூட. மூன்று, தொலைபேசி. வார்டன் பக்கத்தில் நிற்க, வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பேசும் பிள்ளை “நல்லாருக்கேன்” என்றுதான் சொல்லும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் கூப்பிடலாம். அந்த எண்ணை ஒட்டினால் போதாது, யாரும் ஒட்டுக்கேட்காத இடத்தில் ஒரு போனும் வேண்டும்.

சேர்வராயன் மலையின் மலையாளி பழங்குடி மக்களுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. சேலம் மாவட்டத்தில் அவர்கள் பட்டியல் பழங்குடியினர். அந்தப் பிள்ளைகள் மேல்படிப்புக்குக் கீழே இறங்கி வந்ததும் முதலில் கேட்பது தங்கள் பேச்சைப் பற்றிய நக்கலும் ‘காட்டான்’ என்ற வசையும்தான். அதை ‘கிண்டல்’ என்று எழுதும் ஆசிரியர், தெரியாமலேயே ஒரு சட்டப் பாதுகாப்பை அந்தப் பிள்ளையிடமிருந்து எடுத்துவிடுகிறார்.

பூஜ்யம் நல்ல மதிப்பெண்ணா?

ஜப்பானில் 2013-இல் பகடிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2023 கல்வியாண்டில் அங்கே பள்ளிகள் பதிந்த நிகழ்ச்சிகள் 7.32 லட்சத்துக்கு மேல். எண்ணிக்கை கூடுவதை, பள்ளிகள் கவனித்துக் கண்டுபிடிப்பதன் அடையாளமாகவும் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் பார்க்கிறது. ஒரு நிகழ்ச்சிகூட இல்லை என்று சொல்லும் பள்ளி, அதைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் வெளிப்படையாகச் சொல்லிச் சரிபார்க்கக் கேட்க வேண்டும் என்றும் அமைச்சகம் சொல்லியிருக்கிறது.

இங்கே நாம் செய்வது நேர் எதிர். பதிவு அதிகம் உள்ள பள்ளிக்குக் கெட்ட பெயர், அட்மிஷன் குறையும் என்ற பயம். அதனால் நேர்மையாக எழுதும் தலைமையாசிரியர் மாட்டிக்கொள்கிறார், எழுதாதவர் தப்பித்துக்கொள்கிறார். எண்ணிக்கையை வைத்துப் பள்ளியைத் தண்டிக்கும் வரை எந்தப் பதிவேடும் உண்மையைச் சொல்லாது. அலுவலர்கள் கேட்க வேண்டியது “எத்தனை புகார்?” என்பதை விட, “மறுபடி பார்த்தீர்களா, நின்றதா?” என்பதுதான்.

பெற்றோர் கையில் இருப்பது

1. வீட்டிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, பிள்ளை சொன்ன சொற்கள், கிழிந்த சட்டையின் படம், பள்ளிக்குப் போக மாட்டேன் என்ற நாட்கள்.
2. போனில் வந்த மிரட்டலை அழிக்காதீர்கள். எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் போனையும் அப்படியே வைத்திருங்கள்.
3. வாயால் சொன்னதை அன்றே கடிதமாகவும் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள்.
4. பள்ளி அசையவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர், அப்புறம் முதன்மைக் கல்வி அலுவலர். கல்வித் துறையின் உதவி எண்ணான 14417-லும் சொல்லலாம். பிள்ளையின் பாதுகாப்பே கேள்வி என்றால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், நேராக 1098.
5. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் குறை என்றால் 32-ஆம் பிரிவுப்படி உள்ளாட்சி அதிகார அமைப்பிடம் எழுத்தில் கொடுக்கலாம். 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு.

கடைசியாக ஜூன் மாதம். பள்ளி திறக்கும்போது வகுப்பாசிரியர் மாறுவார், பிரிவுகளைக் கலைத்துப் போடுவார்கள், தலைமையாசிரியரே மாற்றலாகிப் போயிருக்கலாம். பழைய நோட்டு பழைய பீரோவில் தங்கிவிட்டால், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பிரிவு பிரிப்பதற்கு முன் புது ஆசிரியரை உட்கார வைத்து, போன ஆண்டுப் பதிவைக் காட்ட வேண்டும். அப்போதுதான் ‘கரிக்கை’ என்று பெயர் வைத்தவனுக்குப் பக்கத்துப் பெஞ்சிலேயே அந்தப் பையனை எட்டாம் வகுப்பிலும் உட்கார வைக்க மாட்டார்கள்.